டொலமைட் தூளில் நான்கு தடங்கள்

அட்டனில் நான் வேலை செய்யும் கராஜில் ஆறு வருடமாக எனக்கு ஒரே வேலைதான். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் வைத்து ரிவிட் அடிப்பேன். அதை வண்டியில் பூட்டி, சரிபார்த்து, ஓடலாம் என்று சொல்வது முதலாளி. அந்த வேலையைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய்தான் வலித்தது.

போன ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்காக இரண்டு கார்கள் வந்தன. ஒன்று பெரியது, எண்ணெய் பிரேக். அதை முதலாளி எடுத்துக்கொண்டார். மற்றது அதைவிடப் பழைய குட்டிக் கார். மிதித்தால் நான்கு இரும்புக் கம்பிகள் நான்கு சக்கரத்தையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். அது என் தலையில் விழுந்தது.

"அந்த டப்பா சோதனையில கோட்டுக்கு முன்னால நின்னுச்சுன்னா, இனி பிரேக் வேலை முழுக்க உனக்குத்தான் புள்ள" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே உள்ள சரிவில்தான் சோதனை. விளக்குக் கம்பத்தருகே பிரேக்கை மிதிக்க வேண்டும். செங்கல்லால் கிழித்த கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

குட்டிக் காரை அதன் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற வாத்தியார் ஓட்டினார். வலப்பக்கம் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள்கூட நின்று பார்த்தார்கள். அவமானமாக இருந்தது.

"கம்பிய எல்லாம் நல்லா இறுக்கு" என்றார் முதலாளி.

நான் இறுக்கவில்லை. வீட்டுக் கரட் பாத்திக்கு வாங்கிய டொலமைட் அரை மூட்டையைக் கொண்டுவந்திருந்தேன். கம்பத்திலிருந்து கோடு வரை அந்த வெள்ளைத் தூளைத் தூவினேன்.

"ரோட்டுக்கு உரம் போடுறியா?" என்று கேட்டார்.

"வெளைஞ்சா பாருங்க" என்றேன்.

இரண்டாம் முறையும் கார் தாண்டியது. ஆனால் தூள் உண்மையைச் சொல்லிவிட்டது. மூன்று சக்கரங்களின் டயர் பூ அச்சாகப் பதிந்திருந்தது. வலது பின்சக்கரம் மட்டும் உருளாமல் தேய்த்து இழுத்திருந்தது. அந்த ஒன்று முந்திக் கடித்துவிட்டதால் மற்ற மூன்றுக்கும் இழுவை போய்ச் சேரவில்லை.

கீழே படுத்து அந்தச் சக்கரத்தின் கம்பியில் உள்ள நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன்.

"இருக்கிற பிரேக்கையும் கழட்டுறா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. தூளைக் காலால் நிரவிவிட்டு வாத்தியாருக்குக் கை காட்டினேன். கம்பத்தருகே மிதித்தார். குட்டிக் கார் நூல் பிடித்த மாதிரி வந்து, கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நான்கு தடமும் ஒன்றுபோல இருந்தன. மேலே பெண்கள் கை தட்டினார்கள். எனக்கு மார்பு விம்மியது. அழுதும்விட்டேன், அதில் வெட்கமில்லை.

அடுத்துப் பெரிய காரில் முதலாளியே ஏறினார். கம்பத்தருகே மிதித்தார். அது வாலை ஒரு பக்கம் வீசிக்கொண்டு, செங்கல் கோடு அழிய அதற்கு அப்பால் போய் நின்றது.

இறங்கி வந்து தன் தடத்தைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"டொலமைட் மிச்சம் இருக்கா புள்ள?"

"நெறைய இருக்குங்க" என்றேன்.

ஸ்பேனருக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு பெரிய காருக்கு அடியில் நானே படுத்தேன்.