மதியச் சங்கும் தடமறி கருவியும்

கணினி நன்றாக ஓடும் நாளில் அதைப் பராமரிப்பவரை எவரும் தேடுவதில்லை. ஓடாத நாளில் எல்லோரும் வந்து, நாமே நிறுத்திவைத்தது போலப் பார்ப்பார்கள். இதே தொழிலில் உழலும் உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் அந்தப் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது.

கருவியின் தீர்ப்பு

எங்கள் இயங்குதளத்தோடு ஒரு தடமறி கருவி வந்தது. ஒவ்வொரு வேலையும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, கணினியைத் தாமதப்படுத்துவது எது என்று காட்டுவது அதன் கடமை. கணினி மந்தமானபோது கொழும்புத் தலைமையகத்துப் பொறியியலாளர் வந்து அதை ஓடவிட்டார். கொழுந்து நிறுவையைப் பதியும் புஷ்பத்தின் வேலைதான் எல்லாவற்றையும்விட நேரம் தின்பதாக அது காட்டியது. புஷ்பம் எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயங்களிலிருந்து அலுவலக நாற்காலிக்கு வந்த முதல் பெண். மாத முடிவில் அவளை நிறுத்திவிட்டுப் பதிவைக் கொழும்புக்கே எடுத்துக்கொள்வதாக அவர் அறிவித்தார். நான் மறுத்தேன். அவர் சிரித்தார்: “மெஷின் பொய் சொல்லாது, மேடம்.”

தொடங்குமுன் முடிந்த வேலை

புஷ்பத்தின் அருகிலேயே நின்று பார்த்தேன். அவள் விரலிலும் தாமதமில்லை, நிரலிலும் தாமதமில்லை. ஆனாலும் கருவி அவளையே குறை கூறியது. ஒரு வியாழக்கிழமை, அவள் வேலை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டதாக அது காட்டியது. பிழை எங்கே இருக்கிறது என்பதில் எனக்கு அதன்பின் ஐயமில்லை. அதைச் சொன்னபோது புஷ்பம் தலை நிமிராமல் தட்டிக்கொண்டே சொன்னாள்: “நேத்து ஆமைன்னாங்க, இன்னைக்குத் தொடங்கும் முன்னாடியே முடிச்சிட்டேங்கிறாங்க. ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணச் சொல்லுங்க, மிஸ்.”

சங்கு

தொழிற்சாலையில் மதியச் சங்கு ஊதியதும் எங்கள் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் எழுந்து சுவர்க் கடிகாரத்தைச் சங்குக்கு ஏற்பத் திருப்பி வைப்பார். அது தோட்டத்து வழக்கம். கணினி வந்தபின் அதன் கடிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை. சங்கு ஊதுவதோ தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கரின் கைக்கடிகாரப்படி. அது ஒருநாள் முந்தும், ஒருநாள் பிந்தும். காலைக் கொழுந்தின் நிறுவையைப் புஷ்பம் பதிவதும் அதே வேளையில்தான். கிளாக்கர் முன்னே தள்ளிய நிமிடங்கள் அவள் தலையில் விழுந்தன. பின்னே தள்ளிய நாளில் அவள் காலத்தையே வென்றாள். இதை விளக்கியபோது அவர் அசையவில்லை. “சங்குக்குத்தான் பெரட்டுல பேர் பதியிறோம், சங்குக்குத்தான் சோறு. இந்தப் பொட்டி மட்டும் என்ன பெரிய துரையா, மிஸ்?”

திருத்தம்

கிளாக்கரின் கையைக் கட்டிவிடலாம்; ஆனால் கடிகாரத்தை யாரோ தொட்டதற்காக இன்னொருவர் மீது பழி போடும் கருவி, பழுதான கருவியே. அதன் மூலநிரல் எவரும் பார்க்கக்கூடியது. திறந்து பார்த்தேன். முடிந்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தை, எவரும் மாற்றக்கூடிய கடிகாரத்தை வைத்துக் கழித்திருந்தார்கள். அதற்குப் பதிலாக, கணினியை இயக்கியது முதல் எவர் கையும் படாமல் ஓடும் உள் எண்ணியை வைத்தேன்.

பொறியியலாளரை ஒரு மதியத்துக்கு வரவழைத்து, பழைய கருவியையும் திருத்தியதையும் ஒன்றாக ஓடவிட்டேன். சங்கு ஊதியது. பெரிய கிளாக்கர் எழுந்தார். பழையது வழக்கம்போலப் புஷ்பத்தைக் காட்டியது. திருத்தியதில் அவள் வேலை கண்ணுக்கே தெரியாத கோடு. உச்சியில் நின்றது, பொறியியலாளரே கொழும்பிலிருந்து மணிக்கொருமுறை கேட்டு வாங்கிய அறிக்கை. அவர் புஷ்பத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அந்த ரிப்போர்ட் வாரத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும், மேடம். இவங்களே அனுப்பட்டும்.”

கருவியை எழுதியவர்கள் என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். டீமேக்கரின் கைக்கடிகாரத்தைத் திருத்தத்தான் அந்தத் தோட்டத்தில் எவருக்கும் துணிவு வரவில்லை.