முன்னால் மூன்று, பின்னால் மூன்று

எங்கள் லாரிக்கு இன்ஜெக்டர் மாற்ற வேண்டும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் மெக்கானிக் இல்லை, ஒரு நாதஸ்வரக்காரர்.

பாகலூரிலிருந்து பேரிகைக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டாரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். அன்றைக்குக் காற்று பின்னாலிருந்து அடித்தது. லாரி விட்ட கரும்புகை முழுவதும் சுருண்டு திரும்பி வந்து கல்யாணக் கூட்டத்தின் மேலேயே படிந்தது. மேளக்காரர்கள் கடைசியில் ஏறியதால் பின்பலகையை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். முகூர்த்த நேரத்தில் ஐயர் கையைத் தூக்கி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தார். நாதம் வரவில்லை, இருமல் வந்தது. தவில்காரர் மட்டும் தனியாக அடித்து அந்தத் தாலியைக் கட்ட வைத்தார். சாப்பாடு முடிந்ததும் நாதஸ்வரக்காரர் நேராக என் கணவரிடம் வந்தார்.

"ஐயா, உங்க வண்டி டீசலைக் குடிக்கல, துப்புது. வைத்தியம் பாருங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போக வேறு வண்டி பிடித்தார்.

அது அறுபதுகளின் கடைசி. ஓசூரில் அப்போது பெரிய தொழிற்சாலைகள் எதுவும் வந்திருக்கவில்லை. நான் அங்கே ஒரு பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பேன். என் கணவர் பட்டாளத்தில் டிரைவராக இருந்து திரும்பியவர். பட்டாளத்து ஏலத்தில் வந்த அந்தப் பழைய டீசல் லாரியை அவரும் பாகலூர் விவசாயி ஒருவரும் ஆளுக்குப் பாதியாகச் சேர்ந்து எடுத்திருந்தார்கள். பங்காளிக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் ஒன்றாக வரும். வயதில் மூத்தவர் என்பதால் என் கணவர் அவரை அண்ணா என்பார். அவர் இவரைத் தம்பி என்பார். இந்த அண்ணன் தம்பி முறையைத் தவிர வேறு எதிலும் இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்த மேஸ்திரி திருநெல்வேலிக்காரர். எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஆறு இன்ஜெக்டரும் போச்சு. டீசலைப் பனி கணக்கா உள்ள பீச்சணும். இது மூக்கொழுகின மாதிரி சொட்டுது. பாதி எரியும், பாதி புகையும். மாத்தத்தான் செய்யணும்."

ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்துக்கு, நுனி கூம்பி, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. அவ்வளவு பெரிய லாரியை ஊமையாக்கவும் பேயாக்கவும் இந்த ஆறு குட்டிச் சாமான்களால் முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எதை வாங்குவது என்பதில் சண்டை ஆரம்பித்தது. என் கணவருக்குச் சீமைச் சரக்கு வேண்டும்: முத்திரை போட்ட பெட்டி, உள்ளே எண்ணெய்க் காகிதம், எல்லாம் புதுசு. பங்காளிக்கு அது பிடிக்கவில்லை.

"அதெல்லாம் காது தம்பி, காது" என்று தெலுங்கில் மறுத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். "கெழட்டு மாட்டுக்குப் புது நுகத்தடி பூட்டினா கழுத்துதான் புண்ணாவும். அதே வயசு வண்டியில கழட்டின சாமான் பெங்களூர்ல கிடைக்குது. அதான் இதுக்கு ஒத்துப்போவும்."

"செத்த வண்டி சாமானைப் போட்டா இதுவும் சாகும்ணா."

"வண்டி செத்தா சாமானும் செத்துப்போச்சா? மாடு செத்தா மணி செத்துப்போவுமா?"

மூன்று நாள் இப்படியே போயிற்று. நாலாம் நாள் பங்காளி வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. "தம்பி, வண்டியில உனக்குப் பாதி, எனக்குப் பாதி. எஞ்சின்ல ஆறு இருக்குது. மூணு நீ வாங்கு, மூணு நான் வாங்குறேன்."

இதைக் கேட்டு என் கணவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார். "முன்னாடி மூணு எனக்கு. ஓட்டுறவன் நான்தானே" என்றார்.

"எடுத்துக்கோ. பாரம் பின்னாடிதானே இருக்குது? இழுக்கப்போறது என் மூணுதான்."

மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "ஒரு எஞ்சினுக்கு ரெண்டு மாதிரி போடப்பிடாது அண்ணாச்சி. ஒரு கோயில் தேரை ரெண்டு பக்கமும் இழுத்தா என்னத்துக்கு ஆகும்?" யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மூவரும் பெங்களூருக்கு பஸ் ஏறினோம். என்னைக் கூட்டிப்போனதற்குக் காரணம் உண்டு. இன்ஜெக்டர் மூக்கின் கழுத்தில் கடுகு அளவு எழுத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். பழையதில் இருந்த அதே எண் புதியதிலும் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் டீசல் வேறு பக்கம் தெளிக்கும் என்று மேஸ்திரி எச்சரித்திருந்தார். என் கணவருக்குப் பொடி எழுத்து தெரியாது. கண்ணாடி போடவும் மாட்டார். அதனால் பள்ளி விஞ்ஞான அலமாரியிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு நான் போனேன்.

பங்காளி பழைய சாமான் சந்துக்குள் நுழைந்துவிட்டார். நாங்கள் புதுச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் மரியாதையான மனிதர். மூன்று பெட்டிகளை மேசைமேல் அடுக்கினார். முதல் பெட்டியைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். சரி. இரண்டாவதும் சரி. அதற்குள் கடைக்காரர் பக்கத்து ஓட்டலிலிருந்து மசால் தோசை வரவழைத்துவிட்டார். விடியற்காலையில் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுக் கிளம்பியவள் நான். அந்த நெய் வாசனை மூக்கில் ஏறிய பிறகு மூன்றாவது பெட்டியின் முத்திரையைப் பார்த்தேன். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, மேலே அதே எண். மூன்றாவது மட்டும் என்ன வேறாகவா இருக்கப்போகிறது?

"எல்லாம் சரியா?" என்று கணவர் கேட்டார்.

"சரி" என்றேன், தோசையைப் பிய்த்துக்கொண்டே.

சாயங்காலம்தான் பங்காளி சந்திலிருந்து வெளியே வந்தார். சட்டையெல்லாம் டீசல். ஒவ்வொன்றையும் கைப்பம்பில் மாட்டி டீசல் பீச்சிக் காட்டும்படி கடைக்காரரைப் படுத்தி, நாற்பது இன்ஜெக்டர் பார்த்து மூன்று எடுத்ததாகச் சொன்னார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் இதையும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் அந்தக் கடைக்காரர் கும்பிட்டு அனுப்பினாராம்.

அடுத்த வாரம் மேஸ்திரி ஆறையும் மாட்டினார். முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு லாரி கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டது. அங்கே என் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் நானும் ஏறி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். புகை குறைந்திருந்தது உண்மை. ஆனால் வண்டி நொண்டியது. டக், டக், டக், ஒரு இடைவெளி, மறுபடி டக். என் பற்கள் தாளம் போட்டன. பங்காளி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, உன் மூணு பேரும் என் மூணு பேர் தோள்ல ஏறி உக்காந்து வர்றாங்க."

"உங்க கிழவனுங்க வழியில விழுந்துட்டாங்க, அதைப் பாருங்க."

சானமாவுக் காட்டில் ஒரு மேட்டில் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. பட்டப்பகல்தான். ஆனாலும் அந்தக் காட்டில் யானை இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சத்தம் போடக்கூடாது. அதற்காகச் சண்டையை நிறுத்த முடியுமா? இருவரும் கிசுகிசு குரலில் சண்டை போட்டார்கள். கோயிலில் ஜெப நேரத்தில் பேசுகிற மாதிரி, முகமெல்லாம் சிவக்க, கைகளை வீசி, சத்தமே இல்லாமல் ஒருவரையொருவர் திட்டினார்கள். திடீரென்று புதரில் சரசரப்பு. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு என் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். புதரை விலக்கிக்கொண்டு விறகுக்கட்டோடு ஒரு பெண் வந்தாள். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வண்டி தள்ளணுமா?" என்று கன்னடத்தில் கேட்டாள். கொஞ்ச தூரத்தில் இருந்த அவள் வீட்டு ஆட்களும் வந்து தள்ளினார்கள். வண்டி கிளம்பியது. கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தபோது முட்டைக்கோஸைத் தவிர எல்லோருக்கும் களைப்பு.

மறுநாள் மேஸ்திரியின் கொட்டகையில் பஞ்சாயத்து. யாருடைய இன்ஜெக்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க மேஸ்திரி ஒரு வழி சொன்னார். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகிற பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். நல்ல இன்ஜெக்டருக்கு டீசலை நிறுத்தினால் எஞ்சின் தடுமாறும், சத்தம் மாறும். மாறாவிட்டால் அது ஏற்கெனவே சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

"சரி, சத்தம் மாறினதை யார் சொல்றது?" என்றார் என் கணவர். மேஸ்திரியைப் பங்காளி நம்பவில்லை. பங்காளியை என் கணவர் நம்பவில்லை.

"டீச்சரம்மா சொல்லட்டும்" என்றார் பங்காளி. "கோயில்ல பொட்டி வாசிக்கிறாங்க. காது சுத்தம். பொய்யும் சொல்ல மாட்டாங்க."

பொய் சொல்ல மாட்டேன் என்று ஒருவர் நம்பிச் சொல்லிவிட்டால் அதைவிடத் தொல்லை வேறில்லை. எஞ்சினுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி நின்றேன். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வந்து சுற்றி நின்றார்கள். எந்த வரிசையில் தளர்த்துகிறார் என்பது எனக்குத் தெரியக்கூடாது.

முதல் முறை சத்தம் சட்டென்று இறங்கியது. "மாறுது" என்றேன். அடுத்ததும் மாறியது. அதற்கடுத்ததும். நாலாவது முறை காத்திருந்தேன். ஒரு பேதமும் இல்லை. "என்ன, இன்னும் தளர்த்தலியா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து திரும்பினேன். மேஸ்திரியின் ஸ்பேனர் முன்பக்கத்து மூன்றாவது பைப்பின்மேல் இருந்தது. எங்களுடையது.

பங்காளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணத்தன்று சொன்ன வாக்குறுதிகள் எல்லாம் இருந்தன. மேஸ்திரி அதைக் கழற்றித் துடைத்து என்னிடம் நீட்டினார். "நம்பரைப் பாருங்கம்மா."

பூதக்கண்ணாடியை வைத்தேன். கடைசி இடத்தில் ஆறு இருக்க வேண்டும். எட்டு இருந்தது. பெட்டிக்குள் தவறிப்போய் வேறொரு எஞ்சினின் சாமான் வந்திருக்கிறது. இதைப் பார்க்கத்தானே என்னை அவ்வளவு தூரம் கூட்டிப்போனார்கள்! அந்த நிமிடத்தில் எழுத்து தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கடைக்காரர்மேல் எல்லாவற்றையும் போட்டிருக்கலாம். ஆனால் காது சுத்தம் என்று சொன்ன மனிதர் எதிரில் நின்றார்.

"இது வேற நம்பர்" என்றேன். "மூணாவதை நான் பிரிச்சுப் பார்க்கல. தோசை வந்துருச்சு."

பங்காளி மெதுவாக என் பக்கம் குனிந்து, மிகுந்த அக்கறையோடு கேட்டார்:

"தோசை நல்லா இருந்துச்சாம்மா?"

அவ்வளவுதான். முதலில் மேஸ்திரி சிரித்தார். அப்புறம் டீக்கடை சிரித்தது. கடைசியில் என் கணவர் பானெட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வர அரைமணி ஆயிற்று.

அடுத்த சனிக்கிழமை அதே கடைக்கு மூவரும் போனோம். கடைக்காரர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தார். முத்திரை போட்ட பெட்டியாவது ஒன்றாவது, கைப்பம்பில் மாட்டி அடித்துக் காட்டச் சொன்னார் பங்காளி. கடைக்காரர் லீவரை அழுத்தினார். புது இன்ஜெக்டரின் நுனியிலிருந்து டீசல் பீறிட்டதைப் பார்த்தேன். மார்கழிக் காலையில் வயல்மேல் நிற்குமே, அப்படி ஒரு மெல்லிய பனி. பங்காளி தான் கழற்றிக் கொண்டுவந்திருந்த பழசு மூன்றையும் மடியிலிருந்து எடுத்து, அவற்றையும் அடிக்கச் சொன்னார். குறை சொல்ல முடியாது, நன்றாகவே அடித்தன. ஆனால் பனி இல்லை, தூறல்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, மீதி மூணும் இதுலயே வாங்கிடலாம்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

என் கணவருக்கு ஜெயித்த சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவரோ, "மூணையும் நீங்களே அடிச்சுப் பார்த்து எடுங்கண்ணா" என்று நகர்ந்து நின்றார். ஒருவர் எடுத்துக் கொடுக்க, நான் எண்ணைப் படிக்க, இருவரும் பேச்சில்லாமல் வேலை செய்தார்கள். தோசை வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டபோது மூவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

லாரி அதன்பின் நன்றாக ஓடியது. அவர்கள் டயரைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

ஆனால் என் பெயர் சுற்றுவட்டாரத்தில் வேறு மாதிரிப் பரவிவிட்டது. ஒரு நாள் பள்ளி வாசலில் பேரிகைக்காரர் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எஞ்சின் சத்தம் கேட்டு நோவு சொல்ற டீச்சரம்மா நீங்கதானுங்களா? எங்க கெணத்து ஆயில் எஞ்சின் ரெண்டு நாளா சரியில்லீங்க. ஒரு தரம் வந்து கேட்டுட்டுப் போங்க."

எவ்வளவோ மறுத்தேன். விடவில்லை. சனிக்கிழமை மாட்டுவண்டியில் போய், அவர் கிணற்று மேட்டில் குடும்பமே சூழ்ந்து நிற்க, கண்ணை மூடிக்கொண்டு அந்த எஞ்சினைக் கேட்டேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஃபில்டரைக் கழட்டிக் கழுவுங்க" என்றேன்.

கழுவினார்கள். ஓடியது.