ரெண்டு இருக்கு

ஜெல் அக்கா என்றால் அந்த ஆஸ்பத்திரியில் தெரியாதவர்களே கிடையாது. கர்ப்பிணிகளின் வயிற்றில் ஜெல் பசை தடவி ஸ்கேன் எடுப்பது அவளுக்குப் பதினெட்டு வருஷ வேலை. சில்லென்று யாரும் துள்ளக் கூடாதென்று பசை டப்பாவை வெந்நீரில் போட்டு வைப்பாள். குணத்தில் தங்கம், வாய்தான் சும்மா இருக்காது. திரையில் பார்ப்பதையெல்லாம் முணுமுணுப்பாள். டாக்டரம்மா எத்தனை திட்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அன்றைக்கு ஒரு தையல்காரரின் மனைவி படுத்திருந்தாள்; பக்கத்து நாற்காலியில் தையல்காரர். ஏழாம் மாதம், மாதத்துக்கு மீறிய வயிறு. திரையில் குழந்தையின் வயிற்றுக்குள் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. ஒன்று இரைப்பை, சரி. பக்கத்திலிருக்கும் மற்றது இருக்கவே கூடாது. குடல் ஆரம்பத்திலேயே அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கினால்தான் அப்படித் தெரியும். அக்காவின் வாய் முந்திக்கொண்டது.

"அடக் கடவுளே, ரெண்டு இருக்கு!"

தையல்காரர் துள்ளி எழுந்தார். "ரெண்டா! போன தடவை ஒண்ணுன்னுதானே சொன்னீங்க? பொல்லாத வாண்டு, ஒளிஞ்சிட்டு இருந்துச்சா? அக்கா, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்!"

அக்காவுக்குத் தன் நாக்கையே பிடுங்கிப் போடலாம் போலிருந்தது. "இல்ல தம்பி, குழந்தை ஒண்ணுதான். நான்தான் உளறிட்டேன். டாக்டரம்மாவைக் கூப்பிடுறேன்."

டாக்டரம்மா பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள். "குடல்ல அடைப்பு இருக்குற மாதிரி தெரியுது. தெரியாம விட்டிருந்தா, பிறந்ததும் பாலைக் குடுத்திருப்போம், அது இறங்காம பச்சை நிறத்துல வாந்தி எடுத்திருக்கும். இனி பயமில்ல. பால் குடுக்கறதுக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணிடலாம்."

"பிழைச்சிடுமா?" என்று மனைவி கேட்டாள்.

"பெரும்பாலும் நல்லா ஆயிடும்மா. இன்னும் சில டெஸ்ட் பாக்கணும்."

'பெரும்பாலும்' என்ற அந்த ஒரு சொல் அக்காவை இரண்டு மாதம் பாடாய்ப்படுத்தியது. முணுமுணுக்காமல் இருக்க வாயில் எந்நேரமும் மிட்டாயை அடக்கிக்கொண்டாள். குழந்தை பிறந்தது, மறுநாளே ஆபரேஷன் நடந்தது என்பதுவரைதான் சேதி வந்தது.

ஒருநாள் அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரர் வந்தார், பின்னாலேயே குழந்தையோடு மனைவி. "நீங்க சொன்ன கணக்குக்கே ரெண்டு ரெண்டா சட்டை தைச்சிட்டேன்க்கா. ஒண்ணை நனைச்சா மாத்த இன்னொண்ணு வேணுமில்ல?"

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகைத் தடவியதுதான் தாமதம், கக்கிவிட்டது.

"ஐயோ அக்கா!" என்று மனைவி துணியோடு ஓடிவந்தாள்.

அக்கா தோளைத் திரும்பிப் பார்த்தாள். மிட்டாய் வாயிலிருந்து தெறித்தது. "டாக்டரம்மா! வெள்ளை! வெள்ளையா கக்கியிருக்கு!" என்று வராந்தாவே அதிரக் கத்தினாள்.

அந்த ஒரு தடவை டாக்டரம்மா திட்டவில்லை.