துனிசுக்குப் போன நார்த்தங்காய் ஊறுகாய்

துபாய் தேராவின் மசாலாச் சந்தையில் கௌஸ் முகம்மதைத் தெரியாத ஆள் கிடையாது. கீழக்கரைக்காரர். வற்றல் மிளகாயும் மிளகும் ஏலக்காயும் மூட்டை மூட்டையாக வாங்கி விற்கிறவர். எந்த நாட்டு மிளகாயானாலும் சரி, காம்பைக் கிள்ளி முகர்ந்து பார்த்தே அதன் காரத்தைச் சொல்லிவிடுவார். இத்தனை நாட்டுச் சரக்கும் கையில் புழங்கியும் தன் நாக்கை மட்டும் அவர் கீழக்கரையை விட்டு ஒரு எட்டு வெளியே அனுப்பியதில்லை.

அவர் தோள்பையில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும். ஊரில் அவருடைய அக்கா, அவர் வாயில் லாத்தா, போட்டு அனுப்பும் நார்த்தங்காய் ஊறுகாய். வீட்டுச் சமையல் தவிர வேறு எதைச் சாப்பிட்டாலும் அது தொட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக்குள் இறங்காது என்பார். ஒருமுறை பெரிய அரபி வியாபாரி ஒருவர் வீட்டு விருந்தில், முழு ஆட்டை வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருக்க, இவர் யாருக்கும் தெரியாமல் பாட்டிலைத் திறந்து, எண்ணெய் முழுவதையும் வெள்ளைக் கம்பளத்தில் கொட்டிவிட்டார். பக்கத்துக் கடை சாதிக் பாட்ஷா இந்தக் கதையைப் புதிதாக வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் இலவசமாகச் சொல்வார்.

வெட்கப்படுவது முழுக்க அவர் மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸின் பங்கு. அவளுக்கு இன்னொரு குறையும் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து லீவு என்றால் கீழக்கரைதான். அங்கே போனதும் கௌஸ் முகம்மது சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அவரைப் பார்க்க வருகிற சொந்தபந்தம் அத்தனைக்கும் இவள் அடுப்படியில் நின்று வடித்துக் கொட்டுவாள். அவருக்கு அது லீவு, அவளுக்கு ஓவர்டைம். துபாய்க்குத் திரும்பி விமானம் ஏறும்போதுதான் அவள் நிம்மதியாக மூச்சு விடுவாள்.

போன வருடம் பொறுத்தது போதும் என்று முடிவு செய்துவிட்டாள். போனில் பார்த்த நீலக் கதவுகளும் வெள்ளைச் சுவர்களும் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தன. வட ஆப்பிரிக்காவில் இருக்கும் துனிசுக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கௌஸ் முகம்மது மூக்கால் அழுதார். கடைசியில் சாதிக் பாட்ஷாவைச் சாட்சியாக வைத்து ஒரு பந்தயம் பேசினார்கள்.

"அஞ்சு நாளும் அந்த ஊருச் சாப்பாடுதான் மச்சான். பாட்டிலை ஒருதடவகூட நீங்க தொறக்கலேன்னா, அடுத்த லீவுக்குக் கீழக்கரைக்கே போவோம், நான் வாயத் தொறக்க மாட்டேன். தொறந்தீங்கன்னா, எங்க போறதுங்கிறத நான்தான் சொல்லுவேன்."

"பாட்டில் என்கூட வரலாம்ல?"

"வரட்டும். பைக்குள்ளேயே கெடக்கட்டும்."

சாய்வு நாற்காலியை மனக்கண்ணில் பார்த்தபடியே கௌஸ் முகம்மது விமானம் ஏறினார்.

முதல் வேளையே அவளுக்கு அடி விழுந்தது. உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் ஒரு சின்னத் தட்டில் சிவப்பாக எதையோ கொண்டுவந்து வைத்தார். மிளகாயை அரைத்து மேலே ஒலிவ எண்ணெய் ஊற்றிய ஹரீஸா. ரொட்டியில் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளும்படி விரல் நுனியைக் காட்டி எச்சரித்துவிட்டுப் போனார். கௌஸ் முகம்மது முகர்ந்து பார்த்தார். "புகையில வாட்டின மொளகா. நல்ல சரக்கு" என்றவர் தட்டையே வழித்துத் துடைத்துவிட்டு இன்னொன்று கேட்டார். பரிமாறுகிறவர் உள்ளே போய்ச் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தார். மிளகாய் வியாபாரியை மிளகாய் தின்னும் ஊருக்கு அழைத்து வந்து பந்தயம் கட்டிய தன் புத்தியை ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் நொந்துகொண்டாள்.

ஆனால் மறுநாளிலிருந்து ஹரீஸா மட்டும் போதவில்லை. மெல்லிய மாவுத் தகட்டுக்குள் முட்டையை உடைத்து ஊற்றி மடித்துப் பொரித்த பிரிக் வந்தது. சமோசா என்று நினைத்து நடுவில் கடித்தார். மஞ்சள் கரு பொங்கி அவருடைய புதுச் சட்டையில் பொத்தான் வரிசை நெடுக வழிந்தது. அடுத்து லப்லாபி கடை. வெறும் கிண்ணத்தையும் காய்ந்த ரொட்டியையும் கையில் கொடுத்தார்கள். அதைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தால்தான் மேலே கொண்டைக்கடலைச் சாறு ஊற்றுவார்களாம். அது தெரியாமல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் மரியாதையாகக் காத்திருந்தார். தெரிந்த பிறகு, "காசையும் வாங்கிட்டு நம்மளையே வேலையும் வாங்குறான்" என்று புலம்பிக்கொண்டே பிய்த்தார்.

மூலுஹியா வந்தபோதுதான் மனிதர் ஆடிப்போனார். ஏதோ கீரைப்பொடியாம், எண்ணெயில் மணிக்கணக்காகக் காய்ச்சுவார்களாம். பார்ப்பதற்கு லாரிக்குப் போடும் கிரீஸ் மாதிரி கருகருவென்றிருந்தது. அவர் கை தானாகப் பைக்குள் போனது. ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் லேசாக இருமினாள். கை வெளியே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கிண்ணத்தை அவர் முடித்ததைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த லீவின் அடுப்பு ஞாபகம் வந்ததும் அந்தப் பாவம் போய்விட்டது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து பழைய நகரத்துச் சந்து ஒன்றில் சாப்பாட்டுக் கடை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எதிர்க் கடையில் பீங்கான் தட்டுகளைப் பார்த்ததும் அவள் அதற்குள் புகுந்துகொண்டாள். "நீங்க போய் எடம் புடிங்க மச்சான்" என்றாள்.

சாப்பாட்டுக் கடைக்குள் கூட்டமான கூட்டம். நடு மேசையில் ஒரு பெரிய மண் தாலம், அதில் ரவை உப்புமா மாதிரி குவித்த கூஸ்கூஸ், மேலே மீன். ஒரு பக்கம் வயதான பெரியவர், இன்னொரு பக்கம் ஒரு இளைஞர், நடுவில் ஒரு காலி நாற்காலி. கௌஸ் முகம்மதின் முகம் மலர்ந்தது. கீழக்கரைக் கல்யாணங்களில் சஹன் சாப்பாடுதான். பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு சஹனில் ஆள் குறைந்தால், வருகிறவர் முன்பின் தெரியாதவர்களோடும் சலாம் சொல்லி உட்கார வேண்டியதுதான். தனியாகப் போய் உட்கார்ந்தால்தான் தலைக்கனம் பிடித்தவன் என்பார்கள். இந்த ஊரிலும் சஹன் இருக்கிறதே என்று பூரித்துப்போய், சலாம் சொல்லி உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, பிஸ்மில்லாஹ் என்று தன் பக்கத்திலிருந்து ஒரு கவளம் அள்ளினார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவரின் கரண்டி பாதி வழியில் நின்றது. காரை நிறுத்தப் போயிருந்த அவருடைய மருமகன் திரும்பி வந்து, தன் நாற்காலியில் ஒரு கீழக்கரைக்காரர் உட்கார்ந்து தன் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார். பெரியவர் திடீரென்று மேசையைத் தட்டிச் சிரித்தார். இன்னொரு நாற்காலி வந்தது. இருப்பதிலேயே பெரிய மீன் துண்டைத் தன் கையாலேயே எடுத்து கௌஸ் முகம்மதின் பக்கமாக வைத்தார்.

ஊரில் விருந்தாளிக்கு அப்படித்தான் வைப்பார்கள். கௌஸ் முகம்மதுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் முதல்முறையாக, ஊறுகாய் நினைப்பே இல்லாமல் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

தட்டு வாங்கிக்கொண்டு வந்த ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மச்சான்! இது யாரு வூட்டுச் சாப்பாடு?"

"சஹன்தானே புள்ள? கடையில வச்சிருக்காக..."

"ஐயோ! அவுங்க காசு குடுத்து வாங்கினது! நமக்கு அந்தா அந்த ஓரத்துல எடம் இருக்கு!"

கௌஸ் முகம்மது கையிலிருந்த கவளத்தைப் பார்த்தார். தாலத்தில் தான் தோண்டிய பள்ளத்தையும் பார்த்தார். காது வரை சிவந்துபோய்ப் பணத்தை எடுத்து நீட்டினார். பெரியவர் நெஞ்சில் கை வைத்து மறுத்துவிட்டார். அவளுக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

இன்னொருவர் சஹனில் உண்டுவிட்டு, தன் பங்குக்கு எதுவும் வைக்காமல் எழுந்திருக்க கௌஸ் முகம்மதுக்கு மனம் வரவில்லை. அவரிடம் இருந்ததோ ஒன்றே ஒன்றுதான். கை பைக்குள் போனது. இந்த முறை ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் இருமவில்லை.

"மச்சான், பந்தயம்" என்றாள் மெதுவாக. இத்தனை நாளும் எதற்காகக் காத்திருந்தாளோ அது நடக்கும்போது, தடுக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"தெரியும் புள்ள."

சாய்வு நாற்காலியும் மத்தியானத் தூக்கமும் ஒருமுறை அவர் கண்முன் வந்து போயின. மூடியைத் திறந்து பாட்டிலைப் பெரியவர் முன்னால் வைத்தார்.

பெரியவர் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். நெற்றி வேர்த்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு எடுத்தார். மருமகன் அவர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினார். பக்கத்து மேசைக்காரரும் கை நீட்டினார். கடைசியில் யாரோ ரொட்டியை உள்ளே விட்டு எண்ணெயைத் துடைத்து எடுக்க, கௌஸ் முகம்மதுக்கு ஒரு சுளைகூட மிஞ்சவில்லை. அவர் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து சந்தில் நடக்கும்போது அவள் கேட்டாள்.

"அடுத்த லீவுக்கு மொரோக்கோ. சரிதானே மச்சான்?"

"எங்க வேணாலும் போவோம்" என்றார் கௌஸ் முகம்மது, காலிப் பாட்டிலைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தபடி. "ஆனா லாத்தாட்ட சொல்லி ரெண்டு பாட்டிலா வாங்கணும். ஒண்ணு பத்தாது."