தீவை எந்தப் பக்கமாகச் சுற்றுவது

சார்தீனியாவின் நடுமலையில், கவோய் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவள் பொனாரியா. வயது நாற்பத்தைந்து. விடிந்ததும் ஏரியைச் சுற்றி ஓடிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். கணவன் பஸ்தியானு அதே பள்ளியின் பஸ் டிரைவர். மணமாகி இருபது வருடமாக, கோடை வந்தால் கிழக்குக் கரையில் ஒரே மணல், ஒரே குடை, குடைக்கடியில் பஸ்தியானுவின் குறட்டை.

இந்த வருடம் பிப்ரவரியிலேயே அவள் பள்ளிச் சாப்பாட்டு அட்டவணை ஒன்றைத் திருப்பிப்போட்டு, அதன் பின்பக்கத்தில் தீவை வரைந்துவிட்டாள். காரிலேயே ஒரு முழுச் சுற்று, ஒன்பது நாள். ஆளுக்கொரு ஆசை எழுதச் சொன்னாள். மகள் வித்தோரியா படகு வலிக்க வேண்டுமென்றாள். பதினோரு வயது மகன் கவீனு சைக்கிள் என்றான். பொனாரியாவுக்கு அல்கேரோ அருகே கடல் குகைக்கு இறங்கும் அறுநூற்றுச் சொச்சம் படிகள். பஸ்தியானு ‘தூக்கம்’ என்று எழுதினான்.

“உடம்பு அசையற மாதிரி ஏதாவது எழுது.”

“நான் புரண்டு படுக்கறதை நீ பாத்ததே இல்லையா?”

சண்டை மூண்டது வேறு விஷயத்தில். “வலமாத்தான் சுத்தணும். அப்பதான் மலை நம்ம பக்கம் இருக்கும். பள்ளம் எதிர்ல வர்றவன் பாடு” என்றான் பஸ்தியானு. அந்தத் தீவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகத்தான் போகும். மலைப்பாதையில் கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஓட்டுபவனுக்கு, கடலுக்கு மேலே தொங்கும் சாலை என்றால் பயம்.

“மலையைப் பாக்கணும்னா நம்ம ஜன்னலைத் திறந்தா போதுமே. இடமா சுத்துவோம். கடல் கையெட்டற தூரத்துல வரும்.”

வாக்கெடுப்பு நடந்தது. கவீனு அப்பா பக்கம். “கடல் பக்கம் போனா எனக்கு வாந்தி வரும்.”

“உனக்கு மலைப் பக்கம் போனாலும்தான் வருது” என்றாள் வித்தோரியா. இரண்டுக்கு இரண்டு.

“அப்போ ஸ்டியரிங் யார் கையிலயோ, அவங்க சொல்றதுதான்” என்றாள் பொனாரியா.

“ரொம்ப நல்லது. அது நான்தானே!”

“இல்ல. நான்.”

அவன் சிரித்த சிரிப்பில் குடித்த ஒயின் மூக்கில் ஏறியது. அவளிடம் லைசென்ஸ் இருந்தது உண்மை. ஆனால் பத்தொன்பது வருடத்துக்கு முன் தேவாலய வாசல் தூணைச் சாய்த்த பிறகு அவள் சாவியைத் தொட்டதில்லை.

மார்ச்சில் ஏரி ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அதே நேரத்தில் காரை எடுத்தாள். பக்கத்தில் பஸ்தியானு, காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் காலைப் பிசகவைத்துக்கொண்டான். முதல் வாரம், ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலே ஊரைச் சுற்றிவந்தாள். புகையைப் பார்த்த கசாப்புக்கடைக்காரர், “பொனாரியா, கறி கடையில வாங்கினா நான் சுட்டுத் தர மாட்டேனா?” என்று கத்தினார். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, திரும்பிப் பார்த்தால் பஸ்தியானு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். சமையல்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னாள்: “இன்னைக்குத்தாண்டி எனக்கு நெஜமான லைசென்ஸ் கெடச்சுது.”

ஜூனில் பள்ளி மூடியதும் கிளம்பினார்கள். குகைப்படிகளில் இறங்கும்போது எல்லோரும் பாடினார்கள். ஏறும்போது பொனாரியா மட்டும் பாடினாள். மறுநாள் அல்கேரோவிலிருந்து போசாவுக்கு அந்தக் கரைச்சாலை. வலப்பக்கம் கடல் நேர் கீழே. பஸ்தியானு கண்ணை இறுக மூடி, தெரிந்த புனிதர்களையெல்லாம் பெயர்சொல்லிக் கூப்பிட்டான்.

ஒரு வளைவில் ஆட்டுமந்தை வழியை அடைத்தது. பொனாரியா நிதானமாக நிறுத்தினாள்.

“அப்பா, மேல பாருங்க!” என்று கூவினான் கவீனு. வாந்தி அவனுக்கு மறந்தே போயிருந்தது.

பஸ்தியானு ஒரு கண்ணைத் திறந்தான். சிறகு விரித்த பெரிய கழுகுகள் மூன்று, காருக்கு நேர்மேலே காற்றில் அசையாமல் நின்றன. இன்னொரு கண்ணையும் திறந்தான். ஆடுகள் போய் வழி விட்ட பிறகும், “கொஞ்சம் இரு, போகாதே” என்று கதவைத் திறந்து இறங்கினான்.

போசாவில் ஒரு இரவு தங்குவதாகத்தான் திட்டம். அங்கே ஆற்றில் படகு வலிக்கப் போன பஸ்தியானு, முதல் நாள் இரண்டு தடவை கவிழ்ந்தான். மறுநாள் கவிழவில்லை. அதற்கு அடுத்த நாள் மகளோடு பந்தயம் கட்டித் தோற்றான். “இன்னும் ஒரு நாள், பொனாரியா. அவளை ஜெயிச்சுட்டுப் போயிடலாம்” என்று தினமும் சொல்லிச் சொல்லியே மீதி நாட்கள் கரைந்தன. தீவில் கால்வாசிகூடச் சுற்றவில்லை.

வீடு திரும்பும் வழியில் பொனாரியா சிரித்துக்கொண்டே ஓட்டினாள். தெற்குக்கு அடுத்த வருடம் போகலாம், அதற்கடுத்த வருடம் கிழக்கு. பின்சீட்டில் மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள்.