கோவில்பதாகையில் ஒரு குழாய் ரத்தம்

நாட்டில் எத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலைக்கு நான் போனது, வேறு வேலை கிடைக்காததால்தான். நான் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். கூட வரும் நர்ஸ் அக்கா ரத்தம் எடுப்பார். எந்த வீடு, அந்த வீட்டில் எந்த ஆள் என்பதைக் கையிலிருக்கும் டேப்லெட்தான் குலுக்கிப் போட்டுச் சொல்லும். அதை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை.

இதை யாரும் நம்பவில்லை. தேர்வாகாத வீட்டுக்காரர்கள், "எங்க ஊட்ட மட்டும் ஏன் உட்டுட்ட?" என்று சண்டைக்கு வந்தார்கள். தேர்வானவர்கள் பின்வாசல் வழியாக நழுவினார்கள். காமாலைதானே, அரைத்துக் குடித்தால் போய்விடும் என்று ஒரு அம்மா எங்களுக்கே ஒரு கட்டு கீழாநெல்லி கொடுத்தார். இது ரத்தத்தின் வழியாகப் பரவுவது, வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் கல்லீரலைக் கெடுப்பது என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் ஒரு நாள், முதல் வீடு சுலபமாக முடிந்தது. அம்பத்தூரில் தையல் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று எதுவும் கேட்காமல் கையை நீட்டினார். அடுத்த வீட்டில் டேப்லெட் தேர்ந்தெடுத்தது, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒருவரை.

"எனக்கு ஒன்னும் இல்லம்மா. வோணும்னா இவள குத்து" என்று மனைவியைக் காட்டினார்.

"அப்படி மாத்தக் கூடாதுங்க சார்."

"நாட்ல எத்தினி பேருக்கு கீதுன்னு தெரிய என் ரத்தம் இன்னாத்துக்கு? நான் ஒருத்தன்தான் நாடா?"

பயிற்சியில் படித்ததை ஒப்பித்தேன். எடுபடவில்லை. அவர் மனைவிதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"லாரி நிறைய போல்ட்டு வந்தா பத்தே பத்த எடுத்துப் பாத்துட்டு மொத்த லாரிக்கும் சீல் குத்துவேன்னு காலம்பூரா பீத்திகினு இருந்தியே. இப்ப நீதான்யா போல்ட்டு. கைய நீட்டு."

தொழிற்சாலையில் அவர் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவராம். அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசி உறை பிரிக்காததா, காலாவதித் தேதி என்ன என்று எங்களை ஆய்வு செய்யத் தொடங்கிவிட்டார். ஊசி இறங்கியபோது மட்டும் கண்ணை இறுக மூடி, மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் குழாயையும் படிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? பேப்பர்ல பதினேழு, குழாய்ல பதினாறு?"

குழாயை வாங்கிப் பார்த்தேன். முந்தைய வீட்டுப் பெண்ணின் எண் ஸ்டிக்கரில் மிச்சமிருந்ததை இவர் குழாயில் ஒட்டியிருந்தேன். அப்படியே போயிருந்தால் ஒரே எண்ணில் இரண்டு பேர் ரத்தம். நர்ஸ் அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"எங்க செக்ஷன்னா உன்ன அப்பவே ரிஜெக்ட் பண்ணிருப்பேன்" என்றார், பரம திருப்தியோடு.

சில வாரங்களில் முடிவு வந்தது. அவருக்குத் தொற்று இல்லை. காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். "இவ்ளோதானா? ஒரே ஒரு வரி?" என்று ஏமாந்தவர், குரலைத் தாழ்த்தினார். "வேற யாருக்குனா வந்துச்சா?"

"சொல்லக் கூடாதுங்க சார்."

"அத்தான் கரெக்ட்டு" என்றார். ஆனாலும் வாசல் வரை வந்து இன்னொரு தடவை கேட்டார்.

வந்திருந்தது பதினாறாம் எண்ணுக்கு, தையல் கம்பெனிப் பெண்ணுக்கு. மருத்துவரோடு போய்ச் சொன்னோம். பிரசவத்தின்போது அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்களாம். அப்படி வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அந்தப் பெண் அழவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்று மட்டும் மூன்று தடவை கேட்டார். ஒட்டாது என்று மூன்று தடவையும் சொன்னார் மருத்துவர். அரசு மருத்துவமனையில் மூன்று மாதம் மாத்திரை. நான் யாரிடமும், என் அம்மாவிடம்கூட, வாய் திறக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒரு காலை ஆவடி ஸ்டேஷனில் நின்றிருந்தேன். கிளம்பிய ரயிலின் பெண்கள் பெட்டியிலிருந்து அந்தத் தையல் கம்பெனிப் பெண் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஏம்மா! சுத்தமா போயிடுச்சாம்! டெஸ்ட்டு எடுத்துட்டாங்க!"

நான் பைத்தியம் மாதிரி இரண்டு கையையும் ஆட்டினேன். பக்கத்தில் நின்றவர் பரிவோடு கேட்டார்: "இன்னா போயிடுச்சி, பர்ஸா?"