பதினேழாம் குழி

எங்கள் தோட்டத்து ஸ்டோரை மூடிய வருடத்தில், என் கணவர் எட்டு மாதம் ஒரு கம்பியூட்டர் விளையாட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை அந்தப் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அவர் அங்கே தேயிலை பதமாவதைக் கவனிக்கும் உதவி டீமேக்கர். நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

மூடுவதற்கு முன்னால் பெரிய பேச்சு எதுவும் நடக்கவில்லை. கொழுந்து குறைந்துவிட்டது, இனிமேல் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கே லொறியில் அனுப்புவோம் என்று ஒரு கடிதம் வந்தது. தொழிலாளர்களை வெளியே தேயிலை மலையில் வேலைக்கு மாற்றினார்கள். பெரிய டீமேக்கர் ஓய்வு வாங்கிக்கொண்டு கண்டிக்குப் போய்விட்டார். என் கணவரை மட்டும், "கொஞ்சம் பொறுங்க, வேற இடம் பாத்துச் சொல்றோம்" என்றார்கள். குவாட்டர்ஸில் இருக்கலாம் என்றார்கள். அவர் பொறுத்தார். தினமும் மாலையில் எங்கள் கொழுந்தை ஏற்றிக்கொண்டு அந்த லொறி எங்கள் வாசலைத் தாண்டிப் போகும். அந்த நேரத்தில் அவர் வெளியே வரமாட்டார்.

கம்பியூட்டர் அதற்கு முந்திய வருடம் வாங்கியது. ஸ்டோர் வேலையெல்லாம் கம்பியூட்டருக்கு மாறப்போகிறது, இப்போதே பழகிக்கொள்ள வேண்டும் என்று பதுளையில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் பழையதாகப் பார்த்து வாங்கி வந்தார். அதோடு அந்த வகுப்புக்காரர் நாலைந்து சீடிகளைச் சும்மா கொடுத்தார். அதில் ஒன்றுதான் இந்த கோல்ஃப்.

நாங்கள் இரண்டு பேருமே கோல்ஃபை நேரில் பார்த்தவர்கள் இல்லை. அவர் சின்ன வயதில் தோட்டத்தை நடத்திய ஒரு தொரை, பங்களாப் புல்வெளியில் பந்தை அடித்துப் பழகியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததாகச் சொல்வார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த கோல்ஃப். ஆனால் விளையாட்டைப் புரிந்துகொள்வது சிரமமாக இல்லை. பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடிக்குள் பந்தைப் போட வேண்டும் என்று ஒரு கணக்கு. மவுஸை ஒருமுறை அமுக்கினால் திரையில் இருக்கும் ஆள் மட்டையைப் பின்னால் தூக்குவான், பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஏறும். எவ்வளவு பலம் வேண்டுமோ அந்த இடத்தில் இரண்டாவது தடவை அமுக்க வேண்டும். கோடு திரும்பி வரும்போது சரியான புள்ளியில் மூன்றாவது தடவை. முந்தினால் பந்து இடப்பக்கம் போகும், பிந்தினால் வலப்பக்கம்.

அவர் கை அதற்கு ஏற்ற கை. கொழுந்தை வாடப் போடும் வாட்டு மாடியில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு மணி நேரம்" என்று சொல்லும் கை. அவர் சொன்னால் பெரிய டீமேக்கரும் திரும்பத் தொட்டுப் பார்க்கமாட்டாராம். சீடியில் இருந்த மைதானங்களை எல்லாம் ஒரே மாதத்தில் முடித்துவிட்டார். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. படுத்தே கிடந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று.

பிறகுதான் அதே சீடிக்குள் இன்னொரு ஃபோல்டரைக் கண்டுபிடித்தார். விளையாடுகிறவர்கள் தாங்களே மைதானம் செய்துகொள்ள அந்த விளையாட்டில் ஒரு வசதி இருந்திருக்கிறது. எந்தெந்த நாட்டிலோ இருக்கிற ஆட்கள் செய்து இன்டர்நெட்டில் போட்டதை யாரோ சேர்த்து வைத்திருந்தார்கள். இருபது இருபத்தைந்து இருக்கும். பாதி சின்னப்பிள்ளை விளையாட்டு. ஒரு மைதானம் மட்டும் அப்படி இல்லை. அதைச் செய்தவர் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். நான்தான் வாசித்துச் சொன்னேன். "இதில் இருக்கிற ஒவ்வொரு குழியையும் நான் ஒரு தடவையாவது சரியாகப் போட்டிருக்கிறேன். ஆகவே முடியாது என்று எனக்கு எழுத வேண்டாம்."

அவர் சிரித்தார். ஸ்டோர் மூடின பிறகு அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த மைதானம் முழுக்க மலையும் பள்ளமும். பதினாறு குழிவரை எப்படியோ சமாளித்துவிடலாம். பதினேழாவது குழிதான் ஆளைக் கொன்றது. இந்தப் பக்கம் ஒரு மேடு, நடுவில் கிடுகிடு பள்ளம், அடியில் தண்ணீர். அந்தப் பக்கம் பாய் விரித்த அளவுக்கு ஒரு புல்தரை, அதில் கொடி. மூன்று அடிக்குள் போட வேண்டும். பந்து பள்ளத்தைத் தாண்டிப் போய் விழுவது ஒன்றும் கஷ்டமில்லை. விழுந்து நிற்கும். "ஆ, நின்னுருச்சு" என்போம். அதற்கப்புறம் மெதுவாக, மிக மெதுவாக, அது பின்னால் உருள ஆரம்பிக்கும். தரை தண்ணீரைப் பார்த்துச் சரிந்திருந்தது. பந்து உருளும்போது மவுஸை எத்தனை தடவை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். விளிம்பில் வந்து ஒரு கணம் தயங்கும். விழும்.

மொத்தம் எழுபத்திரண்டு அடியில் முடித்தால் கணக்குச் சரி. பதினேழாவதில் மட்டும் ஆறு, ஏழு, சில நாள் பத்து என்று போய்விடும். அவர் மறுபடியும் முதல் குழியிலிருந்து தொடங்குவார்.

இப்படி இருக்கும்போது ஞாயிறு பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தேன். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு டீமேக்கர் தேவை. விண்ணப்பத்தை நானே ஆங்கிலத்தில் எழுதி, சான்றிதழ்களின் பிரதிகளையும் வைத்து, கம்பியூட்டர் மேசையிலேயே வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டால் போதும். கடைசித் தேதிக்கு மூன்று கிழமை இருந்தது.

"டீச்சர், இது முடியட்டும். முடிச்ச கையோட போட்டுர்றேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், வாங்க போங்க என்றுதான் பேசுவார். முதலில் கேலியாகத் தொடங்கியது, அப்படியே நின்றுவிட்டது.

"கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாகுங்க?"

"போடுறேன். இத முடிச்சிட்டுப் போனாத்தான் மனசு ஒரு நிலைல இருக்கும்."

சண்டை போட்டுப் பார்த்தேன். பேசாமல் இருந்து பார்த்தேன். கையெழுத்தை நானே போட்டுவிடலாமா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். பசறையில் இருக்கிற என் அண்ணனிடம் சொல்லிப் பேசச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். ஆனால் வேலையில்லாத மாப்பிள்ளையைப் பற்றிப் பிறந்த வீட்டில் போய் எப்படிச் சொல்வது? அவர் குடிக்கவில்லை, கை நீட்டவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. கோல்ஃப் விளையாடுகிறார் என்று சொன்னால் அண்ணன் சிரிப்பார்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனைதான் மிஞ்சியது. அந்தக் குழியை எப்படிப் போடுவது என்று நான் கண்டுபிடித்துவிட்டால்?

தினமும் நாலு மணிக்கு அவர் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போவார். வர ஒரு மணி நேரமாகும். ஒரே குழியைத் திரும்பத் திரும்ப விளையாடிப் பழகவும் அதில் வழி இருந்தது. அவர் வாசலைத் தாண்டியதும் நான் உட்கார்ந்துவிடுவேன். முதல் நாட்களில் என் பந்து பள்ளத்தையே தாண்டவில்லை. பிறகு தாண்டியது, நின்றது, உருண்டது, விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாருக்கோ காட்டுவதற்காக என் கணவர் இதை விளையாடவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை நின்றுவிடும் என்றுதான் தோன்றுகிறது.

இரண்டாம் கிழமையில் ஒருநாள், வெளியே ஆள் நடக்கிற சத்தம் கேட்டுப் பதறி மவுஸை முந்தி அமுக்கிவிட்டேன். பந்து நேரே இடப்பக்கம் போய்ப் புல்தரைக்குப் பின்னால் இருந்த பாறையில் மோதியது. மோதித் திரும்பி மேல் விளிம்பில் விழுந்தது. நின்றது. நான் காத்திருந்தேன். உருளவில்லை. அந்த மூலையில் மட்டும் தரை சரிந்திருக்கவில்லை.

மறுநாள் மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். இரண்டு தடவை நின்றது.

அன்று சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன். "அந்தப் பாறையில பட்டுத் திரும்புற மாதிரி அடிச்சுப் பாருங்களேன்."

"பாறையிலயா?" சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "கொடி இங்க இருக்கு, பாறை அங்க இருக்கு. நீங்க ஸ்கூலப் பாத்துக்குங்க டீச்சர்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் நான் விளையாடியதைச் சொல்ல வேண்டிவரும்.

விண்ணப்பத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அன்று சனிக்கிழமை, எனக்குப் பாடசாலை இல்லை. காலையிலிருந்தே அவர் ஆட்டம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. பதினாறு குழிக்கு அறுபத்துநாலு அடி. இவ்வளவு குறைவாக அவர் வந்ததே இல்லை. பதினேழாவது மேட்டில் நின்று காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஸ்டோர் காவலுக்கு இருந்த வாச்சர் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, மிஷின் கழட்ட ஆளுங்க வந்திருக்காங்க. ரோலர எப்படிக் கழட்டுறதுனு தெரியலையாம். தொரை உங்களைக் கொஞ்சம் வரச் சொன்னாங்க."

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு வாச்சரோடு போனார். கம்பியூட்டரை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

நான் அடுப்பங்கரையில் நின்றேன். விண்ணப்பம் மேசையில் கிடந்தது, அதன் மேல் டீ குவளை வைத்த வட்டம் விழுந்திருந்தது. அவர் வந்து அடித்தால் அந்தப் பந்து உருண்டுவிடும் என்று எனக்குத் தெரியும். உடனே மறுபடியும் முதல் குழி. நான் போய் உட்கார்ந்தேன். முந்தி அமுக்கினேன். பாறையில் பட்டது, திரும்பியது, மேல் விளிம்பில் நின்றது. இரண்டாவது அடியில் அந்தச் சமதரையிலேயே மெல்லத் தட்டிக் குழிக்கு நேராகக் கொண்டுவந்தேன். மூன்றாவதில் விழுந்தது. திரை தானாகவே பதினெட்டாவது குழிக்கு மாறியது. அதை நான் தொடவில்லை. அது லேசான குழி, அவருக்கு ஐந்து அடி மிச்சம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். முழங்கைவரை கிரீஸ். கை கழுவாமலே போய்க் கதிரையில் உட்கார்ந்தார். நான் கதவருகில் நின்றேன்.

"நீ அடிச்சியா?"

அவர் என்னை நீ என்றது அதுதான் முதல் தடவை.

"ஆமாங்க. அந்தப் பாறையில..."

கை காட்டி நிறுத்தச் சொன்னார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணாம் நம்பர் ரோலர லொறில ஏத்திட்டாங்க. நாலு பேர் தூக்க முடியல. சங்கிலி போட்டு இழுத்தாங்க" என்றார். பிறகு மவுஸை எடுத்து ஆட்டத்தை அழித்தார். முதல் குழியில் இருந்து தொடங்கினார்.

நான் உள்ளே போய்ச் சோற்றைப் போட்டு மூடி வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசித் தேதி போனது. விண்ணப்பத்தை நான் எடுத்து என் பாடப் புத்தகங்களுக்குள் வைத்துவிட்டேன். அவர் அதைக் கேட்கவில்லை. பாறையில் படும்படி ஒருதடவைகூட அவர் அடிக்கவில்லை. கொடியைப் பார்த்தே அடித்தார்.

சித்திரையில் ஒரு பிற்பகல் இடி மின்னலோடு மழை பெய்தது. நான் பாடசாலையில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது கம்பியூட்டரிலிருந்து கருகின வாடை வந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்க மறந்திருக்கிறார். பதுளைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். உள்ளே எல்லாமே போய்விட்டது, ஒன்றும் மிஞ்சாது என்றார்கள். பஸ்ஸில் வரும்போது அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இனி என்ன ஆகுமோ என்று நான் பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கிழமை முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

வேலை வந்ததற்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் மாலை வேலைக்கு இருந்தவர் கட்டாருக்குப் போய்விட்டார். அந்தக் கொழுந்து லொறியின் சாரதிதான் வாசலில் நிறுத்தி, "ஐயா, அங்க ஆள் தேவையாம். இப்பவே வர்றீங்களானு கேக்கச் சொன்னாங்க" என்றார். போட்டிருந்த சட்டையோடு லொறியில் ஏறிப் போனார். நான் எழுதின விண்ணப்பமும் தேவைப்படவில்லை, கண்டுபிடித்த பாறையும் தேவைப்படவில்லை.

அன்றோடு டீச்சர் என்று கூப்பிடுவதை விட்டிருந்தவர், அடுத்த வருடமே மறுபடி அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பல வருடம் கழித்து ஒரு தைப்பொங்கல் அன்று, பானை பொங்கியபின், அரிசி வேகக் காத்திருக்கும்போது கேட்டேன். "அன்னைக்கு எதுக்குங்க அவ்வளவு கோபம்? ஜெயிக்கிற ஆட்டத்தத்தானே அழிச்சீங்க?"

அவர் விறகைத் தள்ளிவிட்டு யோசித்தார்.

"கோபம் இல்ல டீச்சர். ஸ்டோர்ல ஒவ்வொண்ணாக் கழட்டி ஏத்துறாங்க, நான் பக்கத்துல நின்னு ஆணி எங்க இருக்குன்னு காட்டுறேன். வீட்டுக்கு வந்தா அந்த ஆட்டமும் என் கையில இல்ல."

"நான் உங்களுக்காகத்தானே..."

"தெரியும்" என்றார்.

நான் அரிசியைக் கிளறினேன்.